அட்டாலியில் கிடக்கும் குட மாண்டலினைப் பாட வைக்க: கொங்கு வட்டாரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்தில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு அட்டாலியிலிருந்து, அதாவது பரணிலிருந்து, அந்த மாண்டலினை இறக்கியபோது அதன் உருண்ட முதுகின் மரப் பட்டைகளில் இரண்டு விரிந்திருந்தன. எட்டுக் கம்பிகளில் ஒன்றுதான் மிச்சம். இதற்கு முன் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு விரிசலுக்குள் எபாக்ஸிப் பசையை ஊற்றிவிட்டிருந்தார். அதைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் மற்ற எல்லா வேலையையும் விட அதிக நாள் பிடித்தது. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு மாண்டலின் என்றாலே யு. ஸ்ரீநிவாஸ் நினைவுதான் வரும். அவர் கையில் இருந்தது ஐந்து கம்பி கொண்ட மின்சார மாண்டலின். நான் சொல்வது அதற்கு முந்தைய உருவம். முதுகு தட்டையாக இருக்காது, பாதியாக வெட்டிய சுரைக்காய் போல உருண்டிருக்கும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் உருவான வடிவம் அது. எஸ்டேட் பங்களாக்கள், சர்ச்சுகள், பழைய நாடக வாத்தியக் குழுக்கள் என்று பல வீடுகள் மாறி இன்று ஏதாவது ஒரு பரணில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பாகங்களுக்கு வீணைக்காரர்கள் சொல்லும் பெயர்களையே எடுத்துக்கொள்கிறேன். பட்டறைக்குப் போய்ப் பேசும்போதும் அவை கைகொடுக்கும். உருண்ட முதுகு குடம். குடத்தை மூடியிருப்பது பலகை. கை பிடிக்கும் கழுத்து தண்டி. அதில் குறுக்கே பதித்திருப்பவை மெட்டுகள். கம்பிகளைத் தாங்கி நிற்பது குதிரை. முறுக்குவதற்கு வீணையில் மரப் பிரடை இருக்கும், இதில் பல்சக்கரம் வைத்த சாவி.

முதல் வேலை: கம்பியைத் தளர்த்துங்கள்

பழைய மாண்டலின் கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் தோன்றுவது சுருதி சேர்த்துப் பார்க்கலாம் என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். ஐம்பது வருடம் சும்மா கிடந்த பசை, திடீரென்று ஏறக்குறைய ஐம்பது கிலோ இழுவையைத் தாங்காது. கம்பி இருந்தால் எட்டையும் ஒவ்வொரு சுற்றாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். குதிரை பலகையில் ஒட்டப்பட்டது அல்ல, கம்பியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பது. ஆகவே தளர்த்துவதற்கு முன் அது நிற்கும் இடத்தை நான்கு கோணத்திலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள். கழன்று விழும் குதிரை, ஆணி, சிப்பித் துண்டு, எது விழுந்தாலும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பட்டாணி அளவுச் சிப்பித் துண்டாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

நோய் என்னவென்று பார்ப்பது

பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். இரவில் ஏன் என்றால், இருட்டு அறையில் குடத்துக்குள் ஒரு சின்ன எல்இடி விளக்கை இறக்கிப் பார்த்தால் விரிந்த இணைப்பெல்லாம் வெளிச்சக் கோடாகத் தெரியும். என் மாண்டலினில் பகலில் இரண்டு விரிசல்தான் தெரிந்தது. விளக்கு போட்டதும் ஐந்து.

பகலில் பலகையைப் பாருங்கள். குதிரைக்குச் சற்றுப் பின்னால் பலகை ஒரு கோட்டில் மடிந்து கீழே சரியும். பலர் இதைப் பழுது என்று நினைத்து நிமிர்த்தப் பார்க்கிறார்கள். அது பழுதே அல்ல. கம்பியின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக, செய்யும்போதே சூடு காட்டி மடிப்பது. ஆனால் ஒலித்துளைக்கும் குதிரைக்கும் நடுவே பலகை குழியாக இறங்கியிருந்தால் அது பழுதுதான். உள்ளே குறுக்குச் சட்டம் கழன்றிருக்கும். விரல் கணுவால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் ஒரே சத்தம் வரும், கழன்ற இடத்தில் சடசடவென்று ஒரு எதிரொலி கேட்கும். பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதை ஒலித்துளை வழியே விட்டால் சட்டத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அடுத்து தண்டி. ஸ்டீல் ஸ்கேலை மெட்டுகள் மேல் நீளவாக்கில் நிறுத்தி வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தண்டி முன்பக்கம் வளைந்திருக்கிறது. இப்போதைய கிட்டார் தண்டிக்குள் நிமிர்த்துவதற்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். பழைய குட மாண்டலினில் அது கிடையாது. வளைந்தால் சூடு காட்டி அழுத்தியோ மெட்டுப் பலகையைச் சீவியோதான் நிமிர்த்த வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வாசிக்கச் சுகம். 3 தாண்டினால் விரல் வலிக்கும். 5 இருக்கிறது, குதிரையும் ஏற்கெனவே உயரம் குறைந்ததுதான் என்றால், குடத்தோடு சேரும் இடத்திலேயே தண்டி நிமிர்ந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம். இருப்பதிலேயே பெரிய வேலை அதுதான்.

மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்தால் வெள்ளைத் துணி மேல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டினால் வண்டு உயிரோடிருக்கிறது. வீட்டில் வீணையோ வயலினோ இருந்தால் அவற்றுக்குப் பக்கத்தில் இதை வைக்காதீர்கள்.

செலவழிக்கலாமா?

ஒலித்துளை வழியாக டார்ச் அடித்து லேபிளைப் படியுங்கள். நேப்பிள்ஸின் வினாச்சியா, கலாச்சே, ரோமின் எம்பெர்கர் என்று இருந்தால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். முதலில் விஷயம் தெரிந்தவர் பார்க்கட்டும். லேபிளை மட்டும் நம்பிவிடவும் கூடாது, பெரிய பெயர்களைப் போலியாக ஒட்டுவது உண்டு. சிசிலியின் கட்டானியாவிலும் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷனிலும் விலை மலிவாகச் செய்து குவித்தவை ஏராளம். ஜப்பானின் சுசுகியும் குட மாண்டலின் செய்திருக்கிறது.

என் கணக்கு எளிது. தண்டி நேராக இருக்கிறது, பலகை குழி விழவில்லை என்றால், குடம் எவ்வளவு விரிந்திருந்தாலும் சரி செய்யலாம். தண்டியும் எழுந்து பலகையும் இறங்கியிருந்தால், கலாச்சேவாகவோ அப்பிச்சி வாசித்ததாகவோ இருந்தால் மட்டும் செலவழியுங்கள். என்னுடையது இரண்டாவது காரணத்துக்குத் தகுதியானது. மற்றபடி சுத்தம் செய்து சுவரில் மாட்டி வைப்பதில் ஒரு குறைவும் இல்லை.

நீங்களே செய்யக்கூடியவை

உள்ளே படிந்த தூசிக்கு ஒரு கைப்பிடி காய்ந்த அரிசியை ஒலித்துளை வழியே போட்டு, மெல்ல உருட்டிக் கொட்டுங்கள். அரிசி தூசியை வாரிக்கொண்டு வரும். உள்ளே கழன்று கிடக்கும் துண்டுகளும் கூடவே வரலாம், அதனால் தட்டில் கொட்டிப் பாருங்கள். வெளியே மென்மையான பெயிண்ட் பிரஷ் போதும். சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது. பழைய மாண்டலின்களின் மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது, நம் ஆசாரிகள் ஸ்பிரிட் பாலிஷ் என்று சொல்வது. ஸ்பிரிட் பட்டதும் கரைந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்கும் ஆசையும் வேண்டாம். பலகை சில மில்லிமீட்டர் கனம்தான். தேய்த்தது திரும்ப வராது.

சாவிகளின் பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டுத் திருப்புங்கள். அவசரப்பட்டு இடுக்கி போட்டால் பித்தளைப் பல் உடையும்.

இப்போது குடத்தின் விரிசல். பட்டை முழுசாக இருந்து இணைப்பு மட்டும் விட்டிருந்தால், கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே ஒட்டலாம். எதில் ஒட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மாண்டலின்கள் ஒட்டப்பட்டது வச்சிரத்தில், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை. பழைய ஆசாரிகளைக் கேட்டால் உடனே புரியும். காய்ந்தால் கல் மாதிரி நிற்கும், ஈரமும் சூடும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். நாளைக்கு இன்னொருவர் பிரிக்க வேண்டியிருந்தால் மரம் சேதப்படாமல் பிரிக்கலாம். பழைய வச்சிரத்தின் மேல் புது வச்சிரம் நன்றாகப் பிடிக்கவும் செய்யும். வெள்ளைப் பசையோ எபாக்ஸியோ ஒரு முறை போட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. உடனே ஒட்டும் சூப்பர் பசையும் அப்படித்தான்.

வச்சிரக் குருணை ஒரு பங்கு, தண்ணீர் சுமார் இரண்டு பங்கு, எடைக் கணக்கில். இரவே ஊறப்போடுங்கள். காலையில் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், சுடுதண்ணீர் இருக்கும் இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி அளவில் உருக்குங்கள். கொதித்தால் பசையின் வலு போய்விடும். பிரஷ்ஷைத் தூக்கினால் தேன் போல ஒரே இழையாக ஒழுக வேண்டும், அதுதான் பதம்.

பசை தொடுவதற்கு முன் வெறுமனே ஒரு முறை கட்டிப் பாருங்கள். குடத்தின் உருண்டைக்கு மர இடுக்கி எதுவும் ஒத்துவராது. சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு நீள நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். குடத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். இறுக்கம் அதிகமானால் பட்டை உள்ளே வாங்கிவிடும். விரிசல் மூடும் அளவுக்கு மட்டும் போதும். இப்படிப் பார்த்தபோதே மூடவில்லை என்றால் பசை போட்டாலும் மூடாது, மேலே போகாமல் நிறுத்திவிடுங்கள்.

மூடுகிறதா, அப்புறம் ஹேர் டிரையரால் மரத்தை லேசாக வெதுவெதுப்பாக்கி, மெல்லிய பிரஷ்ஷாலோ ஊசி போடும் சிரிஞ்சாலோ பசையை உள்ளே செலுத்தி, மேலே பிளாஸ்டிக் காகிதம் வைத்து டியூபைச் சுற்றுங்கள். வச்சிரம் ஒரு நிமிடத்துக்குள் இறுக ஆரம்பித்துவிடும், கூட ஒரு ஆள் இருப்பது நல்லது. வழிந்ததை வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். முழுதாக ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

பலகையில் மரநாரின் போக்கில் நீளமாக விரிசல் இருந்தால் அது பெரும்பாலும் மரம் காய்ந்துபோனதால் வந்தது. தையிலும் மாசியிலும் வீசும் வறண்ட காற்று கோவையின் மரச்சாமான்களை எப்படிக் காய வைக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரப் பஞ்சைத் துளையுள்ள சோப்பு டப்பாவில் போட்டு, மாண்டலினோடு ஒரு பெட்டியில் மூடி, தினமும் பார்த்து வாருங்கள். சில நாளில் விரிசல் தானாகவே நெருங்கும். நெருங்கிய பிறகு ஒட்டி, உள்பக்கம் சின்ன மரத்துண்டுகளைக் குறுக்கே வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். அதை ஒலித்துளை வழியே செய்வதற்குத் தேர்ந்த கை வேண்டும். இனி ஆள் தேடும் கதை.

யாரிடம் கொடுப்பது

குட மாண்டலினுக்கென்றே ஒரு கடையைத் தேடி நான் மாதக்கணக்கில் அலைந்தேன். தேடிய விதமே தவறு. முழு வாத்தியத்தையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கத் தேவையில்லை. வேலையைப் பிரித்து, அந்தந்த வேலையை அன்றாடம் செய்யும் கைகளிடம் கொடுங்கள். அந்தக் கைகள் எல்லாம் கொங்கு நாட்டில் இருக்கின்றன.

குடம், பலகை, உள்சட்டம், குதிரை இவற்றுக்கு வயலின் பழுது பார்ப்பவர்தான் சரி. வயலினும் வச்சிரத்தில் ஒட்டியது, அதன் குதிரையும் ஒட்டாமல் நிற்பது. விளம்பரம் பார்த்துத் தேடுவதை விட வயலின் வாசிப்பவர்களைக் கேளுங்கள். கோவையில் மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஈரோடு, சேலம், கரூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. சர்ச் பாடகர் குழுக்களிலும் வயலின்காரர்கள் உண்டு. அவர்களிடம் "உங்கள் வயலினுக்கு யாரிடம் வேலை பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே ஆளைச் சொன்னால் அவரிடம் போங்கள்.

போனதும் இரண்டு கேள்வி. ஒன்று, என்ன பசை போடுவீர்கள்? இரண்டு, குதிரையை ஒட்டுவீர்களா? முதல் கேள்விக்கு வச்சிரம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால் நிம்மதியாகக் கொடுக்கலாம். குதிரையை ஒட்டிவிடலாம் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நான் கடைசியாகப் போன பெரியவர், நான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டார்: "இதுல முன்னாடி என்ன பசை போட்டாங்கன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேனுங்க தம்பி." எபாக்ஸிங்கய்யா என்றேன். கொஞ்ச நேரம் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வெச்சுட்டுப் போங்க. எப்ப ஆகும்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். தேடி வந்த ஆள் இவர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மெட்டு தேய்ந்திருந்தால் கிட்டார் வேலை தெரிந்தவரிடம் போகலாம். ஆனால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தண்டிக்குள் நிமிர்த்தும் இரும்புக் கம்பி இல்லை, பழைய மெட்டின் பள்ளம் இப்போதைய மெட்டுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். பெரிய மெட்டை அடித்து இறக்கினால் தண்டி பின்பக்கம் வளையும். பள்ளத்தின் அகலத்தை அளந்த பிறகே மெட்டு வாங்க வேண்டும்.

சாவிக்கு லேத் பட்டறை. பம்பும் மோட்டாரும் செய்து பேர் வாங்கிய கோவையில் ஒரு சின்ன பித்தளைப் பல்சக்கரம் செய்ய ஆளில்லையா என்ன? புது சாவிகள் கடையில் கிடைத்தாலும் அவற்றின் தண்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் பழையதோடு ஒத்துப்போவது அபூர்வம். ஒத்துப்போகாததற்காக மரத்தில் புதுத் துளை போட்டால் தண்டியின் தலை பலவீனமாகிவிடும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, உடைந்த சக்கரத்தோடு நல்ல சக்கரம் ஒன்றையும் மாதிரிக்குக் கழற்றிக் கொண்டுபோங்கள். வாத்தியத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஒலித்துளையைச் சுற்றிய சிப்பி வேலைக்கு நகைப் பட்டறையில் மெல்லிய ரம்பம் இருக்கும், அளவாக அறுத்துத் தருவார்கள். அங்கேயும் வாத்தியத்தைக் கொண்டுபோக வேண்டாம், காகிதத்தில் வெட்டிய அச்சு போதும். காரணம் இருக்கிறது. ஒலித்துளைக்குக் கீழே ஆமை ஓடு போலத் தெரியும் தகடு பல மாண்டலின்களில் செல்லுலாய்டு. ஊதுகுழல் நெருப்பு பக்கத்தில் வந்தாலே குப்பென்று பற்றிக்கொள்ளும்.

வீணை செய்பவர்களிடம் கொடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். தஞ்சாவூர் வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்வது, இது மெல்லிய பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டுவது. கைத்திறன் பெரிது என்றாலும் வேலை வேறு. ஒரு பட்டையே காணாமல் போயிருந்தால் மரத்துக்காக வேண்டுமானால் கேட்கலாம். பல குடங்கள் ஈட்டி மரத்தில் செய்தவை. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைப் பாதுகாக்க 1994இல் ஒரு தனிச் சட்டமே போட்டிருந்தார்கள், புது மரம் எளிதில் கிடைக்காது. பழைய மரச்சாமான் கடையில் உடைந்த ஈட்டிக் கட்டிலின் துண்டு ஒன்று கிடைத்தால் பத்து மாண்டலினுக்குப் பட்டை எடுக்கலாம். காய்ந்து பழகிய மரம் என்பதால் அதுதான் நல்லதும்கூட.

எங்கே கொண்டுபோவதாக இருந்தாலும் கம்பியைத் தளர்த்தி, போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் வச்சிரம் இளக ஆரம்பித்துவிடும். என்னென்ன வேலை, என்ன பசை, எதைத் தொடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கம்பி

நன்றாகப் பழுது பார்த்த மாண்டலினும் மறுபடி கெடுவது இங்கேதான். இப்போது கடைகளில் மாண்டலின் செட் என்று தருவது பெரும்பாலும் அமெரிக்கத் தட்டை மாண்டலினுக்கான கனமான கம்பி. குட மாண்டலினுக்கு மிக மெல்லியது வேண்டும்: இன்ச்சில் ஆயிரத்தில் 9, 13, 22, 32, ஒவ்வொன்றிலும் இரண்டு. கடைசி இரண்டும் சுற்றுக் கம்பி. 9 கம்பியை மேல் ‘இ’ (E) சுருதிக்கு ஏற்றினால் இழுவை சுமார் 6 கிலோ. அதே சுருதிக்கு 11 கம்பி போட்டால் 9 கிலோ. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, பலகைக்குப் பாதி மடங்கு பாரம் கூடிவிடும்.

மெல்லிய செட் கிடைக்கவில்லை என்றால் கிட்டார் கம்பியைத் தனித்தனியாக வாங்கலாம். மாண்டலினின் கொக்கிக்கு வளையம் உள்ள கம்பி வேண்டும். கிட்டார் கம்பியின் முனையிலிருக்கும் பித்தளைக் குண்டை இடுக்கியால் நசுக்கி எடுத்தால் வளையம் கிடைத்துவிடும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று வயலின் போலச் சேர்ப்பார்கள். நம் சங்கீதத்துக்குச் சுருதி நம் விருப்பம்தானே, ஒரு முழு ஸ்வரம் இறக்கிச் சேருங்கள். இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். வலு குறைந்த மாண்டலினுக்கு இதை விட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

முதல் நாள் நான்கு ஸ்வரம் கீழே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அரை ஸ்வரமாக ஏற்றி, மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்ற ஏற்றக் குதிரை தலைப்பக்கம் சாயும், ஒவ்வொரு முறையும் நிமிர்த்துங்கள். குதிரையின் சரியான இடத்துக்கு, பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு வரும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி வரும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தினால் சுருதி ஏறினால் குதிரையைப் பின்னே தள்ளுங்கள், இறங்கினால் முன்னே.

ஓட்டு வீட்டின் பரண், சமையலறைச் சுவர், ஜன்னல் வெயில், இந்த மூன்றும் ஆகாது. ஊட்டி, வால்பாறை போன்ற ஈர ஊர்களில் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போடுங்கள். சமவெளியில் வறண்ட மாதங்களில் அந்தச் சோப்பு டப்பாப் பஞ்சு. சுருதி ஏறி நின்ற அன்று பன்னிரண்டாம் மெட்டில் கம்பியின் உயரத்தை அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு, மாதம் ஒரு முறை அளந்து வாருங்கள். அரை மில்லிமீட்டர் கூடியது தெரிந்தால் அன்றே கம்பியைத் தளர்த்திவிட்டு, ஒட்டியவருக்குப் போன் போடுங்கள்.